வெறும் வயிற்றுச் சர்க்கரை: இரவில் கல்லீரல் செய்யும் வேலை

இரவு பத்து மணிக்கு 118. அதன்பின் இரண்டு வாய் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. காலை ஆறு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால் 152. சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு விசாரணை நடக்கும். “ராத்திரி எழுந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?” என்று மனைவி கேட்பார். “அப்பா, டப்பாவுல மைசூர்பாகு ஒண்ணு குறையுதே” என்பாள் மகள். இல்லை என்று அவர் சொன்னால் நம்ப ஆளிருக்காது. நாளடைவில் அவரே தன்னைக் குற்றவாளியாக எண்ணத் தொடங்கிவிடுவார்.

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்குக் கூடிய அந்த 34 மில்லிகிராம் சமையலறையிலிருந்து வரவில்லை, அவருடைய கல்லீரலிலிருந்து வந்தது. காலை எண்ணை நேற்றைய நடத்தைக்கான மதிப்பெண்ணாகப் படிக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. அந்த வாசிப்பு வீண் மனவருத்தத்தைத் தருவதோடு நிற்பதில்லை. தவறான பட்டினிக்கும், தானாகவே மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதற்கும் அது இட்டுச்செல்கிறது. அதனால்தான் அந்த எண் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உடல் தானே சர்க்கரை செய்யும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை யாரும் ஏற்கவில்லை. தாவரங்களே சர்க்கரையை உண்டாக்கும், விலங்குகள் அதைத் தின்று எரிக்கும் என்பதே அன்றைய கருத்து. பாரிஸில் ஆய்வு செய்துவந்த கிளாட் பெர்னார், இறைச்சி மட்டுமே தின்ற நாய்களின் கல்லீரலைவிட்டு வெளியேறும் ரத்தத்திலும் சர்க்கரை இருப்பதை 1848இல் கண்டார். பிறகு ஒரு கல்லீரலை எடுத்து, சர்க்கரையே தென்படாத அளவுக்கு நீர் செலுத்திக் கழுவி வைத்தார். மறுநாள் அதே ஈரலில் மீண்டும் சர்க்கரை இருந்தது. 1857இல் அதன் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். காலையில் குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணைப் புரிந்துகொள்ள அந்தக் கழுவிய ஈரல் சோதனையைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை.

கணக்காகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நம் உடலில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் இருக்கும் மொத்தச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அவ்வளவு எரிக்கிறது. யாரும் ஊட்டாத இரவில் இந்தக் கையிருப்பு தீராமல் காப்பது கல்லீரலின் வேலை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் வீதம் அது சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு எட்டு மணி நேர இரவில் இது 57 கிராமை எட்டும். பாதியளவு சேமித்த கிளைக்கோஜனை உடைத்து வருகிறது, மீதி புரதத்தின் அமினோ அமிலம், லாக்டிக் அமிலம் போன்றவற்றிலிருந்து புதிதாக உருவாக்கப்படுகிறது. இனி அந்த 34 மில்லிகிராமுக்கு வருவோம். சர்க்கரை ரத்தத்திலும் திசுக்களைச் சூழ்ந்த நீரிலும் பரவியிருப்பதால், 60 கிலோ உடலில் அது கரைந்திருக்கும் இடம் சுமார் 12 லிட்டர். 118, 152 ஆக உயர அங்கே கூடியிருக்க வேண்டிய சர்க்கரை வெறும் 4 கிராம். இரவு முழுவதும் விடப்பட்ட 57 கிராமில், செலவுக்கு மிஞ்சி நின்றது இந்த 4 கிராம்தான். இவ்வளவு நுண்ணிய வரவுசெலவில் விழுந்த சிறு பிசகுக்காகத்தான் ஒரு மனிதர் காலையில் குறுக்கு விசாரணைக்கு ஆளாகிறார்.

இந்த வரவுசெலவை ஆள்வது இன்சுலின். சாப்பிடாதபோதும் கணையம் சிறிதளவு இன்சுலினை விட்டுக்கொண்டே இருக்கும். கல்லீரலைக் கட்டுக்குள் வைப்பது அந்தச் சிறிதளவுதான். இரண்டாம் வகை நீரிழிவில் அது போதாமல் போகிறது, கல்லீரலும் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. எதிர்த்திசையில் இழுக்கும் குளுக்ககான் ஹார்மோன் அடங்காமல் நிற்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை முதன்மையாகக் கட்டுப்படுத்துவது கல்லீரலின் இந்த உற்பத்தியைத்தான். ‘நான்தான் இனிப்பே தொடுவதில்லையே, மாத்திரை எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இதோடு விடியற்காலையின் தனி இயல்பும் சேர்கிறது. தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும், விடியலை நோக்கி ஏறும் கார்ட்டிசாலும் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆரோக்கியமானவரின் கணையம் அந்நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் விட்டு ஈடுகட்டிவிடுவதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. ஈடுகட்ட முடியாதவருக்கு மூன்று, நான்கு மணியிலிருந்து சர்க்கரை மெல்ல ஏறும். மரியா இனேஸ் ஷ்மிட்டும் சகாக்களும் 1981இல் இதை விவரித்து ‘டான் ஃபினாமினன்’ என்ற பெயரில் எழுதினார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு மட்டுமல்ல, போடாத இரண்டாம் வகையினருக்கும் இது பரவலாக உண்டு என்பதை 1984இல் பொல்லியும் கெரிச்சும் காட்டினார்கள். பிரான்ஸின் மோன்பெலியே நகரில் லூயி மோனியே குழு 2013இல் அளந்தபோது, இந்த விடியல் ஏற்றம் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சியில் ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளியைக் கூட்டுவதாகத் தெரிந்தது. சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 7.1 என்பதற்கும் 6.7 என்பதற்கும் நடுவேதான் பலருக்கு இன்னொரு மாத்திரை சேர்க்கப்படுகிறது.

இந்த ஏற்றம் எழுந்தவுடன் நின்றுவிடாது. ஏதாவது சாப்பிடும்வரை தொடரக்கூடும். வீட்டில் ஐந்தே முக்காலுக்குப் பார்த்தால் 128 காட்டும் உடல், பரிசோதனைக்கூடத்துக்குப் பஸ் பிடித்துப் போய் டோக்கன் வாங்கி ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுக்கும்போது 145 காட்டினால் அதில் வியப்பில்லை. எட்டு மணி நேரம் சாப்பிடாமலிருந்தால் ஃபாஸ்டிங் சோதனைக்குப் போதும். ‘நாளைக்கு டெஸ்ட்’ என்று முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்பவர் தன் வழக்கமான இரவை அளக்கவில்லை, அளப்பதற்காகத் தயாரித்த ஒரு இரவை அளக்கிறார். சர்க்கரை போடாத காபியும் கணக்கைக் கெடுக்கும், பாலில் லாக்டோஸ் இருக்கிறது. தண்ணீர் குடிக்கலாம்.

இரவில் சர்க்கரை இறங்கி, அதன் எதிர்வினையாகக் காலையில் ஏறுகிறது என்ற விளக்கத்தையும் நோயாளிகள் அடிக்கடி கேட்டிருப்பார்கள். ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் மைக்கேல் சொமோஜி 1930களில் முன்வைத்த கருத்து இது. தாழ்ந்த சர்க்கரையை மீட்க உடல் ஹார்மோன்களைத் திறந்துவிடுகிறது, அவை எல்லை மீறி உயர்த்திவிடுகின்றன என்றார். கேட்க நியாயமாக இருந்ததால் பாடநூல்களில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. இரவு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளும், பிறகு உடலில் ஒட்டிக்கொள்ளும் தொடர் உணரிகளும் வந்தபோது வேறு படம் கிடைத்தது: இரவில் சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குக் காலை எண்ணும் பொதுவாகத் தாழ்ந்தே இருந்தது. காலையில் எகிறியிருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இன்சுலினின் போதாமைதான். சொமோஜியின் விளக்கத்தைக் கேட்டுத் தாங்களாகவே மருந்தைக் குறைத்துக்கொள்வது பலருக்கு நேர்மாறான விளைவைத் தரும்.

ஐயத்தைத் தீர்க்க அதிகச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. படுக்கும்போது ஒரு முறை, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முறை, எழுந்தவுடன் ஒரு முறை என ஓரிரு இரவு பார்த்துவிடுவது. படுக்கும்போதே 200 இருந்து காலையிலும் 190 என்றால் இரவுச் சாப்பாட்டையும் அது உண்ணும் நேரத்தையும் பார்க்க வேண்டும். படுக்கையில் 120, மூன்று மணிக்கு 115, காலையில் 150 என்றால் அது விடியல் ஏற்றம், சாப்பாட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூன்று மணிக்கு 70க்குக் கீழே போயிருந்தால் காலை எண் எதுவாயிருந்தாலும் மருத்துவரிடம் உடனே பேச வேண்டும். மூன்று மணிக்கு அலாரம் வைப்பது சிரமந்தான். ஆனால் பல மாத மனக்குழப்பத்தை அந்த ஓரிரு இரவுகள் தீர்த்துவிடும்.

காலை எண்ணுக்குப் பயந்து இரவுச் சாப்பாட்டையே விடுபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் வயிற்றில் உணவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலை செய்வதில்லை. கணையத்தை நெருக்கி இன்சுலினை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் நள்ளிரவில் ‘லோ சுகர்’ வரும். வியர்த்துக் கொட்டுவதும் கை நடுங்குவதும் விழித்திருக்கும்போது தெரியும், ஆழ்ந்த தூக்கத்தில் தெரியாமலே போகலாம். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இது உயிராபத்து. அப்படி இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

வீட்டிலேயே இந்த எண்ணைப் பார்ப்பது என்பது வரலாற்றில் மிக அண்மைக் காலத்து வசதி. ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய நீல நிறக் கரைசலில் சிறுநீரைச் சில துளி விட்டுக் காய்ச்சி, அது பச்சையா மஞ்சளா செங்கல் நிறமா என்று பார்ப்பதே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தென்படும். 110, 170 இரண்டுமே அங்கே ஒரே நீலம். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969இல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் ஒரு கருவியைப் பற்றி அறிந்தார். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை, 650 டாலர் விலை. பன்னிரண்டு வயதிலிருந்து நீரிழிவோடு வாழ்ந்தவர் அவர். மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்போம் என்றதால், மனநல மருத்துவரான மனைவியின் பெயரில் அதை வாங்கினார். நாளுக்குப் பலமுறை அளந்து, உணவையும் ஊசியையும் அதற்கேற்ப மாற்றித் தன் உடல்நிலையைத் திருப்பினார். பொறியாளர் எழுதுவதை மருத்துவ இதழ்கள் ஏற்காததால் நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். தன் எண்ணைத் தானே அறியும் உரிமைக்காக ஒருவர் இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதை இன்று மருந்துக்கடையில் மீட்டர் வாங்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? மீட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15197, 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 95 சதவீத வாசிப்புகள் உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். உண்மையில் 130 இருப்பவருக்கு மீட்டர் 112 காட்டினாலும் 148 காட்டினாலும் அது தரமான மீட்டர்தான். உடலும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை, எதையும் மாற்றாமலே ஃபாஸ்டிங் அளவு ஐந்தாறு சதவீதம் முன்பின் ஆடும். நேற்று 126, இன்று 135 என்று கலங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. விரலையும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பழம் உரித்த விரலில் ரத்தம் எடுத்தபோது சர்க்கரை பொய்யாக எகிறியது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபோதும் எகிறல் நீங்கவில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவியபோதுதான் சரியானது. பரிசோதனைக்கூடத்துக்கும் தன் பிழை உண்டு. குழாயில் எடுத்த ரத்தத்தில் உயிரோடிருக்கும் அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதச் சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும். கிராமத்து முகாமில் எடுத்து மதியம் நகரத்துக்குப் போய்ச் சேரும் மாதிரி உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.

வெறும் வயிற்று அளவை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்டும் 126 என்ற எல்லைக்கோட்டையும் அளவுக்கு மீறிப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. 1979இல் அது 140 ஆக இருந்தது. கண்ணின் விழித்திரை பாதிப்பு எந்த அளவிலிருந்து கூடுகிறது என்று அமெரிக்காவின் பிமா பழங்குடியினரிடமும் எகிப்தியரிடமும் அமெரிக்கப் பொதுமக்களிடமும் திரட்டிய தரவுகளைப் பார்த்து, 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு 126 என்று இறக்கியது. விழித்திரை பாதிப்புக்கு எல்லா மக்களுக்கும் பொதுவான திட்டவட்டமான எல்லை எதுவும் தெரியவில்லை என்று 2008இல் மூன்று மக்கள்தொகைகளை ஆராய்ந்த கட்டுரை சொன்னது. நோயை உறுதிசெய்ய ஒரு கோடு தேவை, அது ஒப்பந்தத்தால் வந்த கோடு. 124க்கும் 127க்கும் நடுவே உடலில் எதுவும் மாறுவதில்லை.

காலை எண் பேசாமல் விட்டுவிடும் செய்திதான் நம் ஊருக்கு முக்கியமானது. மோனியே 2003இல் வெளியிட்ட ஆய்வில் 290 நோயாளிகளின் ஒரு நாளைப் பகுத்துப் பார்த்தார். எச்பிஏ1சி 10.2க்கு மேல் இருந்தவர்களுக்குக் கூடுதல் சர்க்கரையில் ஏறத்தாழ 70 சதவீதம் அடிப்படை அளவிலிருந்தே வந்தது. 7.3க்குக் கீழ் இருந்தவர்களுக்கு நிலைமை தலைகீழ்: 70 சதவீதம் சாப்பிட்ட பின் ஏறுவதிலிருந்து வந்தது. நோய் ஓரளவு கட்டுப்பட்டவரின் பிரச்சினை காலையில் இல்லை, மதியத் தட்டில் இருக்கிறது என்பது இதன் பொருள். பெரும் சோறு, கொஞ்சம் கறி என்ற விகிதத்தில் உண்ணும் நமக்கு இது மேலும் பொருந்தும். ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின் 2023 அறிக்கை நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இருப்பதாகவும் மதிப்பிட்டது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அந்த ஆய்வு, வெறும் வயிற்று அளவோடு நிற்காமல் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்தது. ஃபாஸ்டிங் மட்டும் பார்த்திருந்தால் பலர் நழுவியிருப்பார்கள். ‘காலையில 105தான் டாக்டர்’ என்று நிம்மதியாகச் சொல்பவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் 240 இருக்கலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ காலையில் பிரெட்னிசலோன் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஏமாற்று இன்னும் கடுமை. மாத்திரையின் வேகம் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரையை ஏற்றிவிட்டு இரவில் ஓய்ந்துவிடும், காலை எண் அப்பழுக்கின்றி நிற்கும்.

அப்படியானால் தினமும் காலையில் குத்திக்கொள்ள வேண்டுமா? இரவில் நீண்ட நேர இன்சுலின் தொடங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த ஊசியின் அளவைத் தீர்மானிப்பதே காலை எண்தான். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் 10 யூனிட்டில் தொடங்கி, ஃபாஸ்டிங் 100ஐ எட்டும்வரை வாரந்தோறும் அளவைக் கூட்டினார்கள். பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் எச்பிஏ1சி 7க்குள் வந்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்களின் கதை வேறு. வட கரோலினாவில் 450 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், தினமும் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஓராண்டு முடிவில் எச்பிஏ1சியில் வேறுபாடு இல்லை. வட அயர்லாந்தில் 2008இல் வெளியான ஆய்வில், தாங்களே அளந்தவர்களிடம் மனச்சோர்வு மதிப்பெண் கூடியிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் தினமும் ஒரு எண்ணைப் பார்ப்பது மனிதரை அரிக்கும் என்பதை நான் முழுதாக நம்புகிறேன். மாறாக, 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மூன்று நாள் மட்டும், நாளுக்கு ஏழு வேளை பார்த்து, அந்தத் தாளை மருத்துவரோடு உட்கார்ந்து படித்தவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைத்தது. ஸ்ட்ரிப்புக்கு மாதாமாதம் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். முப்பது காலைகளில் முப்பது ஸ்ட்ரிப் செலவழிப்பதைவிட, அதே முப்பதை இரவு, மூன்று மணி, காலை, சாப்பாட்டுக்குப் பின் எனப் பகிர்ந்தால் பல மடங்கு செய்தி கிடைக்கும். பக்கத்தில் முந்தைய இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, தூக்கம் எப்படி, காய்ச்சல் உண்டா, மாத்திரை விட்டுப்போனதா என்று ஒரு வரி எழுதிவைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எச்பிஏ1சி இருக்கும்போது இந்தக் குறிப்பேடு எதற்கு என்று கேட்கலாம். சாமுவேல் ரஹ்பர் 1960களின் இறுதியில் டெஹ்ரானில் நீரிழிவாளர்களிடம் கண்ட அந்த மாறிய ஹீமோகுளோபின், சிவப்பணுவின் ஆயுளைப் பொறுத்தே பேசும். எச்பிஏ1சி 8.5 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 197 என்று பொருள். குறிப்பேட்டில் காலை எண்கள் 115ஐச் சுற்றியே இருக்கின்றன என்றால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைத் தேட வேண்டும். அதுவும் 150, 160 என்று அடக்கமாக இருந்தால் ரத்தசோகையைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியைப் பொய்யாக உயர்த்தும். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகையோடு இருக்கும் நாடு இது என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இங்கே இது அபூர்வமான சிக்கல் இல்லை. ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும், சிவப்பணு சீக்கிரம் சிதைபவருக்கும் எச்பிஏ1சி எதிர்ப்பக்கமாகப் பொய் சொல்லும்: காலையில் 160, சாப்பிட்ட பின் 230 என்று எழுதியிருக்க, அறிக்கை 6.5 என்று பாராட்டும். முரண்பாடு தென்பட்டால் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பார்த்துவிட்டு, இரும்புச்சத்தை நிரப்பி மூன்று மாதம் கழித்து மறுபடி எச்பிஏ1சி எடுப்பது வழக்கம். அந்த மூன்று மாதமும் மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க மருத்துவர் கேட்க வேண்டியதும், நோயாளி நீட்ட வேண்டியதும் அந்தக் குறிப்பேட்டைத்தான்.